நான்காவது பட்டை யாருக்கு?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் விமான நிலையங்கள் ரயிலடிச் சத்திரங்களாக மாறியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் தரையில் படுத்தார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் முகூர்த்தம் தவறித் திரும்பினார்கள். இண்டிகோ என்ற ஒரே கம்பெனி சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. ஏன் என்று கேட்டபோது, விமானிகளுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் புதிய விதிதான் வினை செய்தது என்று சிலர் பேசினார்கள். ஓய்வு கேட்டவன் குற்றவாளி. ஓய்வுக்கு ஆள் சேர்க்காதவர் நிரபராதி! இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. எட்டு மணி நேர வேலை கேட்ட காலத்திலிருந்து ஆலை முதலாளிகள் பேசிவந்த நியாயந்தான் இது.

ஆனால் இன்று நாம் எழுத வந்தது ஓய்வைப் பற்றியன்று. அந்த அமளிக்கிடையே வெளிவந்த ஒரு சிறு கணக்கைப் பற்றி. புதிய விதிப்படி தன் ஏர்பஸ் விமானங்களை ஓட்ட அக்கம்பெனிக்குத் தேவைப்பட்ட காப்டன்கள் 2,422 பேர். கையில் இருந்தவர் 2,357 பேர். துணை விமானிகளோ 2,153 பேர் போதும். இருந்தவர் 2,194 பேர். காப்டனில் 65 பேர் குறைவு, துணை விமானியில் 41 பேர் மிகுதி. பத்திரிகைகள் இக்கணக்கை அச்சிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. நமக்குப் போக மனமில்லை. ஏனெனில் நோய் இங்கேதான் இருக்கிறது.

விமானத்தின் முன்னறையில் இரண்டு ஆசனங்கள். இடப்பக்கம் காப்டன், வலப்பக்கம் துணை விமானி. இருவரும் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள்தாம். ஒரு பயணத்தில் இவர் ஓட்டினால் மறு பயணத்தில் அவர் ஓட்டுவார். ஆனாலும் புயலுக்குள் போவதா திரும்புவதா, இறங்குவதா மீண்டும் எழும்புவதா என்ற கடைசி முடிவும், முந்நூறு உயிர்களின் பொறுப்பும் இடப்பக்கத்துக்காரருடையவை. அவர் தோளில் நான்கு பட்டைகள். வலப்பக்கத்துக்காரர் அந்த நான்காவது பட்டைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்.

அந்தக் காத்திருப்பு எத்தகையது? 200 மணி நேரம் பறந்து, தேர்வெழுதி, வணிக விமானி உரிமம் வாங்கினால் வலப்பக்க ஆசனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கே நாற்பது, ஐம்பது லட்சம் ரூபாய் ஆகிறது. ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் பயிற்சிக்குப் பின்னும் பல லட்சம். வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பைலட்டாக்கிய குடும்பங்கள் எத்தனை! பிறகு 1,500 மணி நேரம் நிறைந்து, மேல்நிலை உரிமம் கிடைத்தாலும் காப்டனாகிவிட முடியாது. கம்பெனி அழைக்க வேண்டும். அழைத்தபின் மாதிரி விமான அறையில் எஞ்சின் அணைவது, தீப்பிடிப்பது என்று சோதனை. அதில் தேறினால் பயிற்சிக் காப்டனின் மேற்பார்வையில் இடப்பக்கம் அமர்ந்து மெய்யான பயணங்கள். அதன்பின் இறுதிச் சோதனை. சில இடங்களில் நான்கைந்து ஆண்டில் இந்த அழைப்பு வருகிறது. சில இடங்களில் பத்தாண்டு ஆனாலும் வருவதில்லை.

எப்போது அழைப்பது, எத்தனை பேரை அழைப்பது என்பது முழுக்க முழுக்கக் கம்பெனியின் விருப்பம். காப்டனுக்குச் சம்பளம் அதிகம். பயிற்சிக்குச் செலவு அதிகம். பயிற்சி தரும் காப்டன் அந்த நாட்களில் வேறு வேலைக்குக் கிடைக்க மாட்டார். ஆகவே கணக்குப்பிள்ளையின் பேனா இந்த வரியில்தான் முதலில் கோடு கிழிக்கிறது. ஆள் தட்டினால் வெளிநாட்டிலிருந்து காப்டனைத் தருவித்துக்கொள்ளச் சர்க்கார் தற்காலிக அனுமதி தருகிறது. அந்தத் தற்காலிகம் கெடுவுக்குக் கெடு நீண்டுகொண்டு போனதை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்தவர்கள். வெளிநாட்டார் மேல் நமக்குப் பகையில்லை. நம் பிள்ளை வலப்பக்கத்தில் வயதாகிக் கொண்டிருக்க, இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை என்று சொல்வதுதான் பொறுக்கவில்லை.

புதிய ஓய்வு விதி திடீரென்று வானத்திலிருந்து குதித்ததா? 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அவ்வாண்டு ஜூனில் நடப்புக்கு வரவேண்டியது தள்ளிவைக்கப்பட்டு, வழக்குமன்றம் வரை போய், ஒரு பகுதி 2025 ஜூலையிலும் மறுபகுதி நவம்பரிலும் வந்தது. ஏறக்குறைய இரண்டாண்டு அவகாசம்! அந்த அவகாசத்தில் 65 துணை விமானிகளை இடப்பக்கத்துக்கு உயர்த்தியிருக்கக் கூடாதா? உயர்த்தவில்லை. முடிவில் பயணிகள் தரையில் படுத்தார்கள். சர்க்கார் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தித் தந்தது.

இதே சர்க்கார் 2017 ஆகஸ்டில் ஒரு விதி செய்தது. காப்டன் வேலையை விடுவதானால் ஓராண்டுக்கு முன்னும், துணை விமானி ஆறு மாதத்துக்கு முன்னும் அறிவிப்புத் தர வேண்டும். திடீரென்று விமானி போய்விட்டால் பொதுமக்களுக்கு இடையூறு என்பது காரணம். இருக்கட்டும். பொதுமக்களின் நலனுக்காகத் தொழிலாளியை ஓராண்டு கட்டிவைக்கலாமென்றால், அதே பொதுமக்களின் நலனுக்காக, தகுதிபெற்ற துணை விமானிக்கு இத்தனை காலத்துக்குள் காப்டன் சோதனைக்கு வாய்ப்புக் கொடு என்று முதலாளிக்கு ஏன் ஒரு விதி செய்யவில்லை? கயிறு ஒரு பக்கந்தான் கட்டுமா?

கம்பெனி நிலைத்தால் இந்தக் கதை. கம்பெனி சரிந்தால்? 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் தரையிறங்கியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட். பறந்த மணிகள் விமானியின் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும். வரிசையில் அவருடைய எண் மட்டும் கம்பெனியோடு சேர்ந்து எரிந்துவிடும். காப்டனாக இருந்தவருக்கு வேறிடத்தில் காப்டனாகவே இடம் கிடைக்கலாம். இன்னும் ஆறு மாதத்தில் உன் முறை என்று சொல்லப்பட்டிருந்த துணை விமானியோ அடுத்த கம்பெனியில் நேற்று வந்தவருக்கும் பின்னால் போய் நிற்க வேண்டும். முதலாளி வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியவர் இவர்தாம்.

இரண்டு கம்பெனிகள் ஒன்றானாலும் இந்த வரிசை எண்தான் வெடிமருந்து. 2007இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சர்க்கார் ஒன்றாக்கியது. பெயரை ஒன்றாக்கினார்கள், சின்னத்தை ஒன்றாக்கினார்கள். விமானிகளின் பணிமூப்புப் பட்டியலை மட்டும் ஒன்றாக்காமல் ஐந்தாண்டு விட்டுவைத்தார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சமசம்பளம் கேட்டு 2011இல் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஏர் இந்தியா விமானிகளின் முறை. ஏர் இந்தியாவுக்கென்று 27 ட்ரீம்லைனர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அவற்றை ஓட்டும் பயிற்சியை மற்ற பிரிவினருக்கும் பகிர்ந்தால் தங்கள் காப்டன் பதவி இன்னும் தள்ளிப்போகும் என்பது அவர்கள் அச்சம். 2012 மே மாதம் தொடங்கி 58 நாட்கள் நடந்தது அந்தப் போராட்டம். நூறு பேர் அளவில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். சங்கத்தின் அங்கீகாரம் பறிபோயிற்று. கடைசியில் டில்லி உயர்நீதிமன்றத்தின் முன்னிலையில் முடிவுக்கு வந்தது.

அந்தப் போராட்டத்தின் எல்லாக் கோரிக்கையையும் நாம் ஆதரித்தோம் என்று சொல்ல மாட்டோம். தோழன் பயிற்சி பெறக்கூடாது என்று தோழன் கேட்பது தொழிற்சங்க தர்மமாகாது. ஆனால் அவனை அப்படிக் கேட்கவைத்தது யார்? ஐந்தாண்டில் ஒரு பட்டியலை எழுதி முடிக்காத அதிகாரிகள் அல்லவா? தர்மாதிகாரி குழு 2012 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. கல்யாணம் முடிந்து ஐந்தாண்டு கழித்து ஜாதகம் பார்த்த கதை!

சரி, பணிமூப்பு ஒன்றே போதுமா என்று நம்மைக் கேட்பார்கள். போதாது. 2010 மே 22ஆம் நாள் மங்களூரை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டனர். எட்டுப் பேர் பிழைத்தனர். காப்டனுக்குப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் அனுபவம். இறங்கும் முறை சரியில்லை, மீண்டும் மேலே எழும்புவோம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை என்று விசாரணை மன்றம் கண்டது. ஆகவே நான்காவது பட்டை என்பது வயதுக்குப் போடும் மாலையன்று. வலப்பக்கத்திலிருந்து வரும் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கும் குணமும் சோதிக்கப்பட வேண்டும்.

ஆனால் இதையே சாக்காகக் கொண்டு “தகுதி, தகுதி” என்று கம்பெனிகள் பேசும்போது நமக்கு உஷார் வந்துவிடுகிறது. சோதிக்கும் காப்டன் சர்க்கார் அங்கீகாரம் பெற்றவர்தான். எனினும் பெரும்பாலும் அதே கம்பெனியில் சம்பளம் வாங்குபவர். சங்கத்தில் வாயாடியவன், சுகமில்லை என்று விடுப்புக் கேட்டவன், களைத்திருக்கிறேன் என்று பயணத்தை மறுத்தவன், இவர்களுடைய தகுதி எந்தத் தராசில் நிறுக்கப்படும் என்பதைத் தொழிலாளர் வாழ்வு அறிந்தவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் விமானிக்காகத் தொழிலாளர் ஏடு ஏன் கண்ணீர் விடுகிறது என்று ஒரு நண்பர் கேட்டார். சம்பளம் பெரிதுதான். கடனும் பெரிது. அதைவிட, பதவி உயர்வுக்குப் பயந்து வாய்மூடிக் கிடக்கும் துணை விமானி, மூன்று முறை அல்ல, ஒரு முறைகூட “எழும்புவோம்” என்று சொல்லமாட்டார். அந்த விமானத்தில் ஊருக்குத் திரும்பும் கொத்தனாரும் தாதியும் இருக்கிறார்களே! துபாய் விமானத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்கப் போனவர்கள்தாம்.

ஆகவே விமானத்துறை மந்திரியை நாம் கேட்பது இது. ஒவ்வொரு கம்பெனியும் தன் பணிமூப்புப் பட்டியலையும், ஆண்டுக்கு எத்தனை பேரைக் காப்டன் பயிற்சிக்கு எடுக்கும் என்ற திட்டத்தையும் இயக்குநரகத்தில் தாக்கல் செய்யட்டும். இத்தனை காப்டன் இல்லாமல் இத்தனை பயணத்துக்கு அனுமதியில்லை என்று காலஅட்டவணை போடும்போதே சொல்லுங்கள், டிசம்பரில் அல்ல. சோதனையில் தவறியவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடுத்து, வேறு கம்பெனிச் சோதகரிடம் மறுசோதனைக்கு வழி செய்யுங்கள். கம்பெனி மூடினாலோ இணைந்தாலோ துணை விமானியின் சேவைக்காலத்தை அடுத்த இடத்தில் எப்படிக் கணக்கிடுவது என்பதை இணைப்புக்கு முன்பே விதியாக எழுதிவையுங்கள்.

2,194 துணை விமானிகளில் எத்தனை பேர் அடுத்த டிசம்பருக்குள் இடப்பக்கம் அமர்வார்கள் என்ற கேள்வியைப் பாராளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும். மந்திரி பதில் சொல்லட்டும், எண்ணிக்கையோடு சொல்லட்டும்.