தூண்டிலா, சாட்டையா?

வேற்றுக்கிரகவாசிகளுடன் முறைவைத்து மோதும் ‘எக்ஸ்காம்’ வீடியோ கேம் தொடரை ஆடியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், 95 சதவீத வாய்ப்பு இருந்தும் குறி தவறிய கதைதான் முதலில் வரும். அந்தப் புலம்பலுக்கு அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆட்டங்களை வடிவமைப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் பலம். 1994-இல் ஜூலியன் காலப் உருவாக்கிய மூல ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் நேர அலகுகளை எண்ணிச் செலவழிக்க வேண்டும். 2012-இல் ஃபிராக்சிஸ் நிறுவனத்தில் ஜேக் சாலமன் தலைமையிலான குழு அந்தக் கணக்கை ‘எனிமி அன்நோன்’ ஆட்டத்தில் இரண்டு செயல்களாகச் சுருக்கியது. நகர்ந்துவிட்டுச் சுடலாம், சுடாமல் இன்னும் தூரம் ஓடலாம். எண்கள் குறைந்தன, தயக்கம் கூடியது. செத்த வீரர் திரும்ப மாட்டார் என்பதால், ஆட்டக்காரரே பெயர் சூட்டி வளர்த்த ஒருவரை ஓடச் சொல்வதற்குள் கை நடுங்கும்.

பலவீனமும் அந்த நடுக்கத்திலிருந்தே பிறக்கிறது. வேற்றுக்கிரக எதிரிகள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். பார்வையில் படும்வரை சண்டைக்கு வரமாட்டார்கள். பட்ட நொடியில், ஆட்டக்காரரின் முறையிலேயே, இலவசமாக நகர்ந்து மறைவிடம் தேடிக்கொள்வார்கள். கடைசியாக நகரும் வீரர் எட்டிப் பார்த்துப் புதுக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், திருப்பிச் சுட ஆளில்லாமல் அடுத்த முறை முழுக்க அடி வாங்க வேண்டியதுதான். பிறகு யார் துணிந்து முன்னேறுவார்? சில கட்டங்கள் நகர்வது, ஓவர்வாட்ச் போடுவது (எதிரி அசைந்தால் சுடக் காத்திருப்பது), மறுபடி சில கட்டங்கள். இதைக் கோழைத்தனம் என்பது அநியாயம். விதி எதற்குப் பரிசு தருகிறதோ அதைத்தான் ஆடுபவர் செய்கிறார்.

இந்த ஊர்தலுக்கு ஃபிராக்சிஸ் பார்த்த வைத்தியங்கள் சுவையானவை.

2013-இல் வந்த ‘எனிமி விதின்’ தூண்டில் போட்டது. குறிப்பிட்ட முறைகளுக்குள் எடுக்காவிட்டால் தானே அழிந்துவிடும், மெல்ட் என்ற மூலப்பொருள் அடங்கிய கலன்கள் வரைபடத்தில் கிடந்தன. வேண்டுமானால் ஓடி எடுக்கலாம். வேண்டாமென்றால் நஷ்டம் அந்தப் பொருள் மட்டும். 2016-இல் ‘எக்ஸ்காம் 2’ சாட்டையை எடுத்தது. பல பணிகளை இத்தனை முறைகளுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது, தவறினால் பணியே தோல்வி. பரபரப்பு கூடியது உண்மை. ஆனால் அதே ஆட்டம் மறைந்திருந்து பதுங்கித் தாக்கும் அருமையான வசதியையும் தந்திருந்தது. பொறுமையாகத் திட்டமிடு என்று ஒரு விதி சொல்ல, கெடு பின்னால் நின்று விரட்டியது. எரிச்சலடைந்தவர்கள் கெடுவை நீக்கும் மோட்களை (ரசிகர்கள் செய்த மாற்றங்களை) தேடிப் போனார்கள். 2017-இன் ‘வார் ஆஃப் த சோஸன்’ கெடுவை இரட்டிப்பாக்கும் தெரிவைத் தானே கொடுத்துவிட்டது.

இவற்றில் மெல்ட்தான் நேர்த்தியான தீர்வு. அபாயத்தின் விலையை ஆட்டக்காரரே பேசி முடிக்க அது இடம் கொடுத்தது.

2020-இன் ‘கைமெரா ஸ்குவாட்’ சிக்கலின் வேரிலேயே கை வைத்தது. கதவை உடைத்துக்கொண்டு நேராக எதிரிகளின் நடுவில் சண்டை தொடங்குகிறது; ஊர்ந்து போக இடமே இல்லை. கூடவே இருட்டில் என்ன நிற்கிறதோ என்ற திகிலும் போயிற்று. வீரர்கள் பெயரும் குரலும் கொண்ட கதாபாத்திரங்களாகிவிட்டதால் நிரந்தர மரணமும் இல்லை. ஒருவர் இறந்தால் அந்தப் பணியை மறுபடி ஆட வேண்டும், அவ்வளவுதான்.