மண்ணுக்குச் சோதனை! மனிதனுக்குத் தண்டனை!



ஒரு குழி, ஒரு குடம் தண்ணீர், ஒரு கடிகாரம். இம்மூன்றையும் கொண்டு ஓர் ஏழைக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா என்று கேட்டால் நகைப்பீர்கள். முடியும், முடிந்திருக்கிறது! செல்வத்தின் சிகரம் என்றும் சுதந்திரத்தின் தாயகம் என்றும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் அமெரிக்க நாட்டிலே, அலபாமா மாநிலத்து லவுண்டஸ் மாவட்டத்திலே முடிந்திருக்கிறது.

பாதாளச் சாக்கடை எட்டாத இடத்தில் வீடு வைத்திருப்பவர் செப்டிக் டேங்க் அமைத்தாக வேண்டும். கசடு தொட்டியில் தங்கும். மேலே நிற்கும் கழிவுநீர் குழாய் வழியே சென்று மண்ணில் ஊறவேண்டும். மண் அதை உறிஞ்சுமா? இதை அறியச் செய்வதே ‘பெர்க்’ சோதனை. நீர் ஊறவேண்டிய ஆழத்துக்குக் குழி தோண்டுவர். தண்ணீர் ஊற்றி, மண் நனைந்து உப்பும்வரை காத்திருப்பர். பிறகு மீண்டும் நீர் விட்டு, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறதென்று அளப்பர். 60 நிமிடத்தைத் தாண்டினால் சாதாரண முறைக்கு அந்த மண் உதவாது என்பது அந்நாட்டில் நெடுநாள் கைக்கொள்ளப்பட்ட கணக்கு. ஊறவிடாமல் அளந்தாலோ, கோடை வெடிப்புகளில் நீர் மளமளவென மறையும். தோற்கவேண்டிய மண் தேறிவிடும். அடுத்த மழைக்கு, போன கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும்.

நல்ல சோதனை, நேர்மையான சோதனை. அதனோடு நமக்குப் பகை இல்லை. சோதனை முடிந்தபின் நடக்கிறதே, அந்த அநீதியோடுதான் பகை!

லவுண்டஸின் மண், நம் கோவில்பட்டிக் கரிசலைப் போல, மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண். பருத்திக்கு உகந்தது, உப்பிவிட்டாலோ கழிவுநீருக்கு வழி விடாதது. இந்தக் கருமண்ணால்தான் அப்பகுதிக்கு ‘பிளாக் பெல்ட்’ என்று பெயர் வந்தது. அதில் பருத்தி விளைவிக்கக் கறுப்பு மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து குவித்தனர். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது என்றனர். அடிமையின் மகன் வாரக் குடியானவன் ஆனான். 1965-ஆம் ஆண்டு பிறந்தபோது, கறுப்பர் பெரும்பான்மையாக வாழ்ந்த அம்மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பரின் பெயர்கூட இல்லை! அவ்வாண்டு மார்ச்சில், செல்மாவிலிருந்து மாண்ட்கமரி நோக்கி மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் நடந்த பேரணி அந்த மாவட்டத்தின் ஊடேதான் சென்றது. வாக்குரிமை கேட்ட குடும்பங்களைப் பண்ணையார்கள் நிலத்தைவிட்டு விரட்டினர். நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரமடித்து அவர்கள் குடியிருந்தனர்.

அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் வாழும் வீடுகளில் இன்று என்ன காட்சி? எத்தனையோ வீடுகளின் கழிவறைக் குழாய் நேரே கொல்லையிலும் ஓடையிலும் திறக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்தருகே மலக்குட்டை! அந்தக் களிமண்ணுக்கு ஏற்றது, மேலே மணல் கொட்டி மேடு எழுப்பும் முறை. செலவோ 15,000 டாலரையும் தாண்டும். அன்றாடம் காய்ச்சி எங்கே போவான்? போக இடம் உண்டு என்றது சட்டம்: சிறை! முறையான கழிவு ஏற்பாடு இல்லாதது அங்கே குற்றம். வறுமைக்கு வழக்கு; இல்லாமைக்குக் கைது! அம்மாவட்டத்தின் மகளான கேத்தரின் கோல்மன் ஃப்ளவர்ஸ் இக்கொடுமையை ஆண்டுக்கணக்கில் எடுத்துரைத்து, 2020-இல் நூலாகவும் எழுதினார்.

“மண்ணுக்கு நிறபேதம் தெரியுமா? இது இயற்கை செய்த கோளாறு. அரசு என்ன செய்யும்?” என்று சிலர் வாதிடுவர். மண்ணுக்கு நிறம் தெரியாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மண் சொன்னது என்ன? ‘இந்த நீரை என்னால் ஏற்க முடியாது, வேறு வழி காணுங்கள்’ என்றது. கேள்வி கேட்டது அரசு. ஆகவே பதிலும் அரசுக்கே! ஆறு குறுக்கிட்டால், அக்கரைக்காரனே பாலம் கட்டட்டும், கட்டாவிட்டால் சிறை என்று எந்த அரசாவது சொல்லுமா? மலை மறித்தால் சாலைக்காக மலையைக் குடையும் அரசு, மண் மறுத்தால் மட்டும் ஏழையின் மடியைத் தடவுவது ஏன்?

2021-இல் அந்நாட்டு மத்திய நீதித் துறை, 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் விசாரணை தொடங்கியது. 2023 மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது: தண்டனை நடவடிக்கைகளை நிறுத்துவது, கழிவு ஏற்பாட்டுக்குத் திட்டம் வகுப்பது என மாநிலச் சுகாதாரத் துறை ஒப்பியது. மக்கள் மூச்சுவிட்டனர். 2025 ஏப்ரலில் டிரம்ப் ஆட்சி அந்த உடன்பாட்டைக் கிழித்தெறிந்தது! காரணம்? அது இனச் சலுகையாம்! சட்டவிரோதமாம்! மலம் முற்றத்தில் தேங்கக்கூடாது என்பது சலுகையா? காலுக்கடியில் நாறுவது நீங்க வேண்டும் என்பது பேராசையா?

தோழர்களே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. பரிகாரத்தோடு சேராத சோதனை வெறும் குற்றப்பத்திரிகை. அறிவியல் அளந்து சொல்லும். செலவு யாருடையது என்று அது சொல்லாது. அதை அரசியல்தான் தீர்மானிக்கிறது. ஆகையால், ‘இயற்கையின் குறை’ என்று ஆள்வோர் கைகழுவும் இடத்திலெல்லாம் எழுந்து நின்று கேளுங்கள்: விலை கொடுப்பவன் எவன்? பலன் கொண்டு போனவன் எவன்?

அந்தக் கரிசலில் விளைந்த பருத்தியின் இலாபத்தை மூட்டை கட்டியோர், அதே கரிசல் மறுத்த கழிவின் சுமையைக் குடிசையின் தலையில் வைத்தனர். மண் ஏற்காத சுமையை அரசு ஏற்கட்டும்! அதுவே நீதி, அதுவரை ஓயாது குரல்!