கொடிக்கயிறும் கிட்டாரும் ரெண்டு மிட்டாயும்

எனக்கு மூன்று விசயங்களில் கருத்து உண்டு. சினிமா, ராக் இசை, ஆகஸ்ட் 15. மூணுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கிற தோழர்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசை விழா தொடங்கியது 1969 ஆகஸ்ட் 15. ‘ஷோலே’ வெளியானது 1975 ஆகஸ்ட் 15. ‘தங்கலான்’ வந்தது 2024 ஆகஸ்ட் 15. இந்தத் தேதியில வெள்ளைக்காரன் போனான். அப்புறம் வந்ததெல்லாம் பாட்டும் படமும்தான்.

முதலில் சினிமா. அடி அண்ணாமலைக்காரனுக்கு சினிமா பத்திப் பேசத் தனி பாத்தியதை உண்டு. எங்க மலையோட பேரை ரஜினிகாந்த் ரெண்டு தடவை எடுத்துக்கிட்டார். 1992இல் ‘அண்ணாமலை’, 1997இல் ‘அருணாச்சலம்’. முதல் படத்தில் பால்காரர் கோடீஸ்வரர் ஆகிறார். இரண்டாவதில் 30 நாளில் 30 கோடியைச் செலவழிக்கத் திண்டாடுகிறார். மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர் பாதை. பௌர்ணமிக்கு மறுநாள் அதைக் கூட்டி அள்ளுற சனம் யாருன்னு உங்களுக்கே தெரியும். செலவழிக்க முடியாம திண்டாடுற அந்தக் கஷ்டம் எங்களுக்கு இன்னும் வரல. வந்தா தாங்கிக்குவோம்.

அதே காலத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1992இல் ‘சின்னக் கவுண்டர்’, ‘தேவர் மகன்’. 1993இல் ‘எஜமான்’. 1994இல் ‘நாட்டாமை’. மீசை இருக்கு, சொம்பு இருக்கு, ஆலமரம் இருக்கு. ஊரே பச்சைப் பசேல்னு வெளஞ்சு கெடக்கு. நட்டது யாரு, அறுத்தது யாருன்னு மட்டும் தெரியாது. கேமரா ஊர்க்கோடி வரைக்கும் வரும். ஓடையைத் தாண்டத் தெரியாம அப்படியே திரும்பிடும். இதுல எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. நம்ம தெருவே படத்துல இல்லாததால, அந்தத் தீர்ப்புகள்ல நம்ம ஆளு யாரும் மாட்டல. சினிமாவிலாவது தப்பிச்சோம்.

நம்மை வைத்தே எடுக்கவில்லையா என்றால், எடுத்தார்கள். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அவ்வளவு வாங்கியது சந்தோசம்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கு கதையோடதான். நடிச்சவருக்கு லட்சம், நந்தனுக்கு நெருப்பு.

‘தங்கலான்’ வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கத்தைத் தேடிப் போன சனத்தின் கதை. திருவண்ணாமலையும் 1989 வரை வட ஆற்காடுதான். ஆகவே சொந்தக்காரன் படம். பாதி புரிஞ்சுது, பாதி புகையா இருந்துது. ஆனா கேமரா ஓடையைத் தாண்டிடுச்சு. புகையை அப்புறம் விலக்கிக்கலாம்.

அடுத்து ராக். எங்க பக்கம் கிட்டாருக்குப் பஞ்சம் இல்ல. ரமணாசிரமத்தை நம்பி வருகிற வெளிநாட்டுக்காரர்கள் கிரிவலப் பாதை ஓரமாக வீடு எடுத்துத் தங்குகிறார்கள். மலையைப் பார்த்து உட்கார்ந்து கிட்டாரை மெல்லத் தடவுகிறார்கள். அமைதி தேடி வந்தவர்களாம். எனக்கு அந்த வாசிப்பு பிடிக்காது. அமைதி எங்களுக்குப் புதுசு இல்ல. வாயைத் தொறந்தா உதை விழும்னு தலைமுறை தலைமுறையா காத்த அமைதி அது. எனக்குப் பிடிச்சது சத்தம் போடுற ராக்தான்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கறுப்பின அடிமைகள் மேளம் முழக்கிக்கொண்டு கலகம் செய்தார்கள். 1740இல் அடிமைகள் மேளம் வைத்துக்கொள்ளவே தடை வந்தது. மேளம் போனா என்ன? கையைத் தட்டினாங்க, காலால தரையை உதைச்சாங்க. அந்தச் சனத்தின் பாட்டிலிருந்து வந்தது ப்ளூஸ். ப்ளூஸின் பிள்ளைதான் ராக்.

இங்கே கதை தலைகீழ். அங்க ‘அடிக்காதே’ன்னு சட்டம். இங்க ‘அடிச்சே ஆகணும்’னு கட்டாயம். ஊர்ல சாவு விழுந்தா அடி, தேர் வந்தா தள்ளி நின்னு அடி. தோல் ஒண்ணு, தண்டனை ரெண்டு. ஆகவே பறையை அடிப்பதா, விடுவதா என்று நம் இயக்கங்கள் எத்தனையோ இரவுகள் வாதம் செய்தன. என் கருத்து சின்னது. அவன் கூப்பிட்டா அடிக்காதே, உனக்குத் தோணினா அடி. 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல் முறை மேடை ஏறியபோது பறையும் கிட்டாரும் கானாவும் ராப்பும் ஒரே தளத்தில் நின்றன. பேரைத் தந்தது அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்கிற சொல். பண்டிதருக்கு ராக் தெரியாது. ராக்குக்குப் பண்டிதரைத் தெரிஞ்சிருக்கு.

உட்ஸ்டாக்குக்கு வருகிறேன். ஆகஸ்ட் 18 காலையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்கிற கறுப்பர், பட்டாளத்தில் இருந்து வந்தவர், அமெரிக்க தேசிய கீதத்தைக் கிட்டாரில் வாசித்தார். வார்த்தை ஒண்ணு கெடையாது. குண்டு விழுற சத்தம், அலறல், எல்லாம் கம்பியில வந்துது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அது மரியாதையா அவமரியாதையா என்று சண்டை. ரெண்டும் இல்ல, அது கணக்கு கேட்டது. தேசம் எனக்கும் சொந்தம்னு நெனைக்கிறவன்தான் கணக்கு கேப்பான்.

மூன்றாவது, ஆகஸ்ட் 15. 1947இல் பெரியார் அதைத் துக்க நாள் என்றார். அண்ணா ஒப்பவில்லை. எனக்கு அன்னைக்குத் துக்கமும் இல்ல, ஆட்டமும் இல்ல. மிட்டாய் கொடுத்தா வாங்கிக்குவேன், ரெண்டா கொடுத்தா நல்லது. என் கண்ணு மிட்டாய்ல இல்ல, கொடிக்கயித்துல.

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, ஆகஸ்ட் 20இல் கலெக்டரும் எஸ்.பி.யும் கூட நிற்க ஏற்றினார். அந்த ஊருக்கு மட்டும் சுதந்திரம் அஞ்சு நாள் தாமதமா, போலீஸ் ஜீப்புல வந்து இறங்குச்சு. 2022இல், 75 வருச சுதந்திரத்தைக் கொண்டாடிய ஆகஸ்டில், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடியோட எடை எவ்வளவு இருக்கும்? அதைத் தூக்கத்தான் இவ்வளவு பேரு.

நம்ம மாவட்டம் மட்டும் சளைச்சதா? தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனது 2023 ஜனவரி 30. குடியரசு நாள் முடிஞ்சு நாலாம் நாள், அதுவும் காவலோட. ஆகஸ்ட் 15 வந்தால் பெரிய கோயில்களில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து சமபந்தி விருந்து சாப்பிடுகிறார்கள். அன்னைக்கு நடக்கிறது சமபந்தின்னா, மத்த நாள் பந்திக்கு என்ன பேரு?

ஆக என் மூணு கருத்தும் ஒரே கருத்துதான். படத்துல நம்ம தெரு, மேடையில நம்ம மேளம், கம்பத்துல நம்ம கை. யாரும் இதைத் தட்டுல வச்சுக் கொடுக்கப்போறதில்ல.

அதுக்கு அதே ஆகஸ்ட் 15லயே ஒரு வழியும் இருக்கு. ஊராட்சிகளில் அன்று கிராமசபை கூட வேண்டும். நம்ம ஆளுங்க அந்நேரம் டி.வி. முன்னாடி, ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ முன்னாடி உக்காந்திருப்பாங்க. எழுந்து போங்க தோழர்களே. சுடுகாட்டுப் பாதையைக் கேளுங்க, தண்ணித் தொட்டியைக் கேளுங்க, கொடி யார் ஏத்தினதுன்னு கேளுங்க. கேட்டது தீர்மானப் புத்தகத்துல ஏறுச்சான்னு பாத்துட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க. கையெழுத்து முதல்ல, எழுத்து அப்புறம்னு நீட்டினா பேனாவை மூடிடுங்க.

படத்தைப் பத்திக் கவலை வேண்டாம். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடி போடுவான். கிராமசபை மறுபடி கூட அக்டோபர் 2 வரணும்.