ராகு காலத்தோடு நின்றுவிடாதீர்கள்



சித்திரை பிறக்கப்போகிறது. கோயில்களில் பஞ்சாங்கம் படிப்பார்கள். கடைகளுக்குப் புதுப் பஞ்சாங்கங்கள் வந்துவிடும். அவற்றில் ஒன்று நம் ஊர்ப் பெயரையே சுமந்து வருகிறது: ஆற்காடு சீதாராமய்யர் சர்வ முகூர்த்த பஞ்சாங்கம். நவாபையும் மக்கன் பேடாவையும் போலவே இந்த மெல்லிய புத்தகமும் ஆற்காட்டின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறது.

ஆனால் பஞ்சாங்கத்தைப் புரட்டும் நம்மில் பலர் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் பார்த்ததும் மூடிவிடுகிறோம். பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்கள் திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம். ராகு காலம் இந்த ஐந்தில் இல்லவே இல்லை! பகல் பொழுதை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று நாம் சொல்வது, காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. ஜனவரி கடைசியில் நம் பக்கம் சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டிவிடும். அப்போது திங்கட்கிழமை ராகு காலம் எட்டு மணிக்குப் பிறகுதான் தொடங்கும். நேரம் தவறிவிட்டதே என்று தாலி கட்டும் நேரத்தில் பதறுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

உண்மையான அழகு திதியில் இருக்கிறது. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரத்துக்கும் நீளும். அமாவாசை இன்றைக்கா நாளைக்கா என்று வீட்டில் எழும் கேள்விக்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கை மனப்பாடமாகவே போட்டவர்கள் நம்மிடம் இருந்தார்கள். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஓர் எண்ணைக்கூட எழுதாமல் சந்திர கிரகணத்தைக் கணித்ததை 1825-ல் ஜான் வாரன் தம் 'கால சங்கலித' நூலில் பதிவு செய்தார். பழைய வாக்கியக் கணக்கில் சேர்ந்துவிட்ட பிழையைத் திருத்த, சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாசாரி வானத்தில் கண்டதோடு ஒத்துப்பார்க்கும் திருக்கணித வழியில் பஞ்சாங்கம் வெளியிட்டார். கண்ணால் பார்த்ததை வைத்து ஏட்டைத் திருத்தலாம் என்ற துணிவும் நம் மரபில் உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். திதி இருக்கும் அதே தாளில் ஹிஜ்ரி தேதியும் இருக்கும். மூன்றாம் பிறை தொழுகிறவரும் நோன்புப் பெருநாளுக்குப் பிறை பார்க்கிறவரும் மேற்கே தேடுவது அதே நிலவைத்தான்.

ஒரு வேண்டுகோள். வரும் மாதத்தில் பஞ்சாங்கம் 'சித்திரை' நட்சத்திரம் என்று சொல்லும் இரவில் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். நிலவுக்கு அருகே வெண்மையாக மின்னும் நட்சத்திரத்தைக் காட்டுங்கள். அதுதான் சித்திரை. அவர்கள் கேட்ட கேள்விகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், பதில்களோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்