அணையின் காலடியில் ஒரு பள்ளம்

கிருஷ்ணா நதியில் வெள்ளம் பெருகும்போதெல்லாம் ஸ்ரீசைலம் அணையின் மதகுகள் உயர்த்தப்படுகின்றன. பொங்கிவரும் நீரைக் காண மக்கள் திரள்கின்றனர். அந்நீர் விழும் இடத்தில் பாறைக்கு என்ன நேர்கிறது என்பதோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அணையின் பாதுகாப்பு அந்தப் பாறையைச் சார்ந்திருக்கிறது.

உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 45 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தை எட்டும். அந்த வேகம் பாறையின் மேற்பரப்பைத் தேய்ப்பதோடு நிற்பதில்லை. நீரின் அழுத்தம் பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து ஏறியும் இறங்கியும் அதிர, இணைப்புகள் தளர்ந்து பாளம் பாளமாகப் பாறை பெயர்கிறது. பெயர்ந்த கற்களே சுழலில் சிக்கி எஞ்சிய பாறையை அரைக்கின்றன. இவ்வாறு உருவாகும் பள்ளம் அணையை நோக்கிப் பின்னேறினால் அடித்தளத்துக்கே ஆபத்து. ஆப்பிரிக்காவின் கரிபா அணையில் இத்தகைய பள்ளம் 80 மீட்டர் அளவுக்கு ஆழமானதால், பெரும் பொருட்செலவில் சீரமைப்புப் பணியை மேற்கொள்ள நேர்ந்தது.

2009 அக்டோபரில் ஸ்ரீசைலத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 25 லட்சம் கன அடி நீர் வந்தது. வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்திராத வெள்ளம் அது. அணை தாங்கியது உண்மை. ஆனால் ஒருமுறை தாங்கியது மறுமுறைக்கு உத்தரவாதம் ஆகாது. காலநிலை மாற்றத்தால் கடும்மழை பெருகும் இக்காலத்தில் பழைய கணக்குகளை நம்பி இருப்பது அறிவுடைமை அன்று.

இந்த அணைக்காக நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் நீரில் மூழ்கின. நிலமிழந்தோர் பெரும்பாலும் ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும். இன்று ஆந்திரமும் தெலங்கானாவும் இதன் நீரையும் மின்சாரத்தையும் பெறுகின்றன. தெலுங்கு கங்கைத் திட்டத்தின்வழி சென்னையின் தாகமும் தணிகிறது. பயனைப் பங்கிடுவதில் வழக்காடும் ஆட்சியாளர்கள் பராமரிப்புப் பொறுப்பையும் அதே முனைப்புடன் பங்கிட்டுக்கொள்ள வேண்டாமா? புதிய திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினால் விளம்பரம் கிடைக்கும். நீருக்கடியில் உள்ள பள்ளத்தை அடைத்தால் கிடைக்காது.

2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய ஒன்றிய அரசு, அதிகாரத்தைத் தன்பால் குவித்ததோடு கடமை முடிந்ததென்று கருதலாகாது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, முடிவுகளை மக்கள்முன் வைக்க வேண்டும். பழுதுபார்க்க நிதி ஒதுக்க வேண்டும். அணை உடைந்தால் முதலில் அடித்துச் செல்லப்படுவது கரையோரக் குடிசைகளே. ஆகவே அணைப் பாதுகாப்பைப் பொறியாளர்களின் கவலை என்று ஒதுக்காமல், உழைக்கும் மக்களின் கோரிக்கையாக நாம் எழுப்ப வேண்டும்.