சுவருக்குள் போகும் பணம்

பழைய வீட்டைப் புதுப்பிக்கத் தீர்மானித்த குடும்பம் முதலில் போகும் இடம் டைல்ஸ் கடை. அடுத்தது மாடுலர் கிச்சன் கடை. பிறகு தச்சரும் பெயின்டரும் வந்து அளந்துவிட்டுப் போவார்கள். பணம் ஏறக்குறையத் தீர்ந்த நிலையில் பிளம்பர் வருவார். சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ளே இருக்கிற குழாயெல்லாம் மாத்தணும்" என்பார். இருப்பதே ஓடட்டும், குளியலறைக் குழாய்களை மட்டும் பளபளவென்று மாற்றிவிடுங்கள் என்று பதில் வரும். இரண்டு வருடம் கழித்து, இத்தாலியப் பெயர் கொண்ட டைல்ஸின் நட்ட நடுவில் சுத்தியல் விழும்.

தில்லியில் 1970களிலும் 80களிலும் கட்டிய அடுக்ககங்கள் இப்போது ஒவ்வொன்றாக இந்தக் கட்டத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் ஜி.ஐ. குழாய்கள்தான். இரும்புக் குழாய்க்கு மேலும் உள்ளும் துத்தநாகப் பூச்சு. பூச்சு தேய்ந்ததும் துரு உள்பக்கமாக வளர்கிறது. அரை அங்குலக் குழாயில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சும். காலையில் முதல் சொம்புத் தண்ணீர் பழுப்பாக வந்தால் குழாயின் ஆயுள் முடியப்போகிறது என்று அர்த்தம். அடுக்ககத்தில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. உங்கள் வீட்டுக் கசிவு தெரிவது கீழ்வீட்டுக்காரரின் கூரையில். பல வருட சிநேகிதம் ஓர் ஈரத் திட்டில் முறிந்துபோவதை எந்தக் குடியிருப்புச் சங்கத்திலும் பார்க்கலாம்.

பழைய குழாய்க்குப் பதில் என்ன போடுவது? சூடு, குளிர் இரண்டுக்கும் இன்று பரவலாகப் போடுவது சி.பி.வி.சி. என்ற வெளிர்மஞ்சள் நிறக் குழாய். பசை தடவி ஒட்டுவதால் வேலை சீக்கிரம் முடியும். பசை இறுகுவதற்குள் தண்ணீர் விட்டால் அதே வேகத்தில் கெட்டும் போகும். பி.பி.ஆர். என்ற இன்னொரு வகைக் குழாயை இயந்திரத்தால் சூடாக்கி உருக்கி இணைக்கிறார்கள். இணைப்பும் குழாயும் ஒன்றாகிவிடுவதால் உறுதி அதிகம். ஆனால் கருவியும் கைப்பழக்கமும் உள்ள ஆள் வேண்டும். சாதாரண வெள்ளை பி.வி.சி. குளிர்ந்த நீருக்கு மட்டுமே. அதைக் கீசரோடு இணைத்துவிட்டு மிச்சம் பிடித்துக்கொள்ளும் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். சூட்டில் அது இளகி இணைப்பு விடும்.

எந்தக் குழாய் என்பதைவிட முக்கியமான ஒரு சடங்கு உண்டு. டைல்ஸ் ஒட்டும் முன் குழாயின் எல்லா முனைகளையும் அடைத்து, கைப் பம்பால் வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஓர் இரவு முழுக்க விட வேண்டும். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு நாள் தாமதம். சுவரை மூடும் முன் பக்கத்தில் அளவு டேப்பை வைத்து நாலு புகைப்படம் எடுத்துக்கொண்டால், பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது குழாய் தப்பிக்கும்.

அடுத்து அழுத்தம். கடையில் மழைபோலக் கொட்டும் ஷவர் வீட்டில் மூக்கு ஒழுகுவதுபோல ஒழுகுவதற்குக் காரணம் ஷவர் அல்ல. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீட்டில் ஷவருக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் இடைவெளி 3 மீட்டர் இருந்தால் அதிகம். அதாவது அந்த அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தொட்டியை உயர்த்தலாம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைப் பெரிதாகப் போடலாம். பிரஷர் பம்பு வைக்கலாம். ஆனால் பழைய ஜி.ஐ. குழாயை அப்படியே விட்டுவிட்டுப் பம்பு மட்டும் வைத்தால், இத்தனை நாள் அடங்கிக் கிடந்த ஓட்டைகளெல்லாம் ஒரே வாரத்தில் வாய் திறக்கும்.

இனி வெந்நீர். நம் பாட்டிகளின் வெந்நீர் அடுப்பும் அண்டாவும், மராட்டியர் வீட்டுச் செம்பு ‘பம்ப்’பும் போய், கீசர் நாடு முழுவதற்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஐஸ்லாந்தின் வெந்நீரூற்றுப் பெயர் அது. தமிழ் விளம்பரங்கள் ‘வாட்டர் ஹீட்டர்’ என்று எழுதினாலும் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சென்னையிலிருந்து மாற்றலாகி வடக்கே போகிறவர்கள் கீசரையும் கையோடு கொண்டுபோவார்கள். அங்கே போய், கெட்டுவிட்டது என்பார்கள். கெடவில்லை, கணக்குத்தான் மாறுகிறது. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் தில்லித் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி என்றால், குளிக்கும் சூடான 40க்குக் கொண்டுவர 25 டிகிரி ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் வரும். 20 லிட்டர் வாளி நிறைய ஏறக்குறைய 12 நிமிடம். சென்னையில் தண்ணீர் 26 டிகிரியில் தொடங்குவதால் அதே கருவி அதே வாளியை ஆறரை நிமிடத்தில் நிரப்பிவிடும்.

குளிர் ஊருக்குத் தேக்கி வைக்கும் கீசர்தான் ஏற்றது. 25 லிட்டர் கீசரில் தண்ணீரை 15லிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 1.3 யூனிட் மின்சாரம் ஆகும். 2 கிலோவாட் கருவியில் சுமார் 40 நிமிடம். பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 45 லிட்டர், அதாவது இரண்டு வாளிக்குச் சற்று மேல். நாலு பேர் குடும்பத்தில் எல்லோருக்கும் எட்டரை மணிக்கு அலுவலகமும் பள்ளியும் என்றால் இந்தக் கணக்கைக் கடைக்குப் போகும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் சொல்வது, சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதை. குளிக்கும்போது மட்டும் போட்டு அணைப்பவருக்கு அதனால் லாபம் குறைவு. நாள் முழுக்க ஓடவிடுபவருக்கு அதிகம்.

கீசரை எங்கே மாட்டுவது என்பதிலும் பணம் இருக்கிறது. முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் நாலரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். வெந்நீர் வந்து சேரும் முன் அவ்வளவும் சாக்கடைக்குப் போகும். சூரிய வெந்நீர்க் கருவி வைக்கும் பெங்களூர் வீடுகளில் இது தினசரி அனுபவம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய்க்கு வெப்பம் காக்கும் உறை போடாவிட்டால் சூரியன் கொடுத்ததைச் சுவர் பிடுங்கிக்கொள்ளும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் உப்புப் படிவு கூடவே வரும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடின நீரைச் சூடாக்க ஆக்கப் படிவு கூடும். கீசர் தொட்டி அரிக்காமல் இருக்க உள்ளே மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கிறது. தொட்டிக்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொள்வது அதன் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றினால் தொட்டி பிழைக்கும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பலர் கீசரையே மாற்றுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு போகும். கேஸ் கீசர் உயிரோடு விளையாடுகிறது. வாங்கும் விலை குறைவு, தண்ணீர் சட்டென்று சுடும், கரண்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் எரிவாயு எரிய ஆக்சிஜன் வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்த சிறு குளியலறையில் அது சீக்கிரம் குறைந்துபோகும். அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. தலை லேசாகச் சுற்றும். தாழ்ப்பாளைத் திறக்க எழும் முன் கால் துவண்டுவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட மாநிலப் பத்திரிகைகளில் இந்தச் செய்தி வருகிறது. அடைத்த அறைக்குள் கரி அங்கீட்டி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் செய்தியும் பக்கத்திலேயே வருகிறது. கேஸ் கீசர் வைத்தே ஆக வேண்டுமென்றால் அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் மாட்டி, குழாய் மட்டும் உள்ளே வரட்டும். மின் கீசர் வைப்பவருக்கும் ஒரு நிபந்தனை: நல்ல எர்த்தும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் இல்லாமல் கூடாது. பழைய அடுக்ககங்கள் பலவற்றில் இரண்டாவது கிடையாது.

அறையைச் சூடாக்குவதில் விளம்பரங்கள் சொல்லும் கதைகள் அதிகம். கம்பி ஹீட்டர், குவார்ட்ஸ், எண்ணெய் ரேடியேட்டர் எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், மின்சாரத்தைப் பெருக்காது. சூடும் குளிரும் தரும் ஏ.சி. வேறு ஜாதி. வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இறைப்பதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். கோடைக்கு எப்படியும் ஏ.சி. வாங்கப்போகிற தில்லிவாசி இதை யோசிக்கலாம்.

வெந்நீர், கதகதப்பு இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் முடித்தவர்கள் காஷ்மீரிகள். அவர்கள் வீட்டு ஹமாமில் கல் தளத்துக்குக் கீழே விறகு எரியும். மேலே தரை சுடும், பதித்திருக்கும் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் காயும். ஆனால் டிசம்பர் 21ல் தொடங்கும் 40 நாள் சில்லாய் கலான் கடுங்குளிரில் அவர்களுடைய நவீனக் குழாய்களும் உறைகின்றன. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிகிறது. குழாய் விரியாது, வெடிக்கும். மலை ஊர்களில் குழாயை வெளிச்சுவரில் ஓட்டாமல், இரவில் வடித்துவிடும் வால்வோடு அமைப்பதே புத்திசாலித்தனம்.

கடைசியாக, இதையெல்லாம் செய்யப்போகிறவர். பிளம்பர் என்ற சொல்லின் வேர், ஈயத்துக்கான லத்தீன் பெயர். ரோமானியர்களின் ஈயக் குழாய் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் அவருக்கு ஒரு சொல் இன்னும் ஒட்டவில்லை. ஊரும் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும். தில்லியிலும் பெங்களூரிலும் உங்கள் வீட்டுக்கு வரும் பிளம்பரிடம் சொந்த ஊர் கேட்டால், ஒடிசாவின் கேந்திரபாடா என்று பதில் வர வாய்ப்பு அதிகம். தலைமுறைகளாக நாட்டுக்கே பிளம்பர்களை அனுப்பும் மாவட்டம் அது. அங்குள்ள பட்டாமுண்டாயில் இந்தத் தொழிலுக்கென்றே மாநில அரசின் பயிற்சி நிலையம் இருக்கிறது.

அவரை முதல் நாளே கூப்பிடுங்கள். டைல்ஸ் நிறத்தை முடிவு செய்யும் முன், குழாய் எந்த வழியாகப் போகும், வால்வு எங்கே இருக்கும், கீசர் எந்தச் சுவரில் என்று அவரோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் வரையுங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் டைல்ஸைத்தான் பார்ப்பார். கொஞ்சம் விவரமானவர் அந்தக் காகிதத்தைக் கேட்பார்.