தள்ளி மூடினால் சார்ஜ் நிற்குமா?

திரைக்குக் கண்ணாடி ஒட்டுவதற்காகக் காரைக்குடிக் கடையொன்றில் என் அப்பத்தாவின் கைபேசியைக் கொடுத்தபோது, கடைக்காரத் தம்பி என்னை ஒரு வார்த்தை கேளாமலே, அதிலிருந்த செயலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடிவிட்டு, "பேக்கிரவுண்டுல இவ்வளவு ஓடினா சார்ஜ் எப்படிண்ணே நிக்கும்?" என்று எனக்கு உபதேசமும் செய்தார். மறுநாட் காலையில், சர்க்கரை மாத்திரைக்கு நேரமாயிற்றென்று நாள்தோறும் ஒலிக்கும் நினைவூட்டல் ஒலிக்கவில்லை. அப்பத்தா மாத்திரை போடாமலே பலகாரம் உண்டுவிட்டார்.

தள்ளி மூடாத செயலி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இம்மூடநம்பிக்கையின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரமே பொய். பட்டியலில் தெரியும் செயலிகளில் பெரும்பாலானவை நினைவகத்தில் சும்மா கிடப்பவை. நினைவகமோ நிறைந்திருந்தாலும் வெறுமையாயிருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தையே கொள்ளும்.

2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5, பின்னணி வேலைகளைத் திரட்டி உரிய தருணத்தில் நடத்தும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது; மறு ஆண்டின் ஆண்ட்ராய்டு 6, திரை அணைந்து அசைவற்றுக் கிடக்கும் கைபேசியை உறங்கவைத்து, இடையிடையே சற்றே விழிக்கச் செய்து, காத்திருந்த பணிகளை அப்பொழுது முடித்துக்கொள்ளப் பணித்தது; 2017-இன் ஆண்ட்ராய்டு 8, கண்ணுக்கு மறைந்த செயலி தன்னிச்சையாகச் சேவை நடத்துவதற்கே வரம்பு கட்டியது. செயலியை எழுதுகிறவரும், படத்தைச் சுருக்குதல், அதன்பின் அனுப்புதல், அதன்பின் பிரதியை அழித்தல் என்று, ஒன்று முடிந்தபின் மற்றொன்றாக வரிசைப்படுத்தி வைக்கிறார். அலைவாங்கி ஒருமுறை விழித்துவிட்டால், செய்தி போய்ச் சேர்ந்த பின்னும் சில விநாடிகள் மின்சாரத்தைத் தின்னும் என்பதனாலேயே, சிதறிக் கிடக்கும் வேலைகளை ஒரே விழிப்பில் முடிக்க இத்தனை பிரயாசை. இவ்வொழுங்கை விரலால் கலைப்பவர், ஒவ்வொரு விருந்தினர் உண்டெழுந்ததும் அடுப்பில் நீரூற்றி அணைத்து, அடுத்தவர் வந்தபின் மீண்டும் சுள்ளி தேடுகிறவருக்கு ஒப்பாவார். மூடிய செயலியை அடியிலிருந்து எழுப்பவே மின்சாரம் மிகுதியாகச் செலவாகும்.

செயலிகளை இப்படி மூடுவது பாட்டரிக்கு அவசியமா என்று 2016-இல் ஒருவர் வினவ, ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி இல்லை என்று விடை தந்தார். ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாயிருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே ஆமோதித்தார். படைத்தவர்கள் சொல்லியும் நம் ஊரார் கேட்பதில்லை. அப்பத்தாவின் மாத்திரை தவறுகிறது.

செயலி தயாரிப்போரிலும் சிலர், 'சுத்தம் செய்கிறோம்' என்று விளம்பரங்களை வாரியிறைக்கும் செயலிகளை விற்று, இந்த அஞ்ஞானத்தையே மூலதனமாக்கிக்கொள்கின்றனர். கைபேசி செய்யும் சில கம்பெனிகளோ, செயலியைத் தள்ளினவுடன் அதன் அலாரங்களையும் சேர்த்தே ரத்து செய்யும்படி மென்பொருளை மாற்றிவைத்திருக்கின்றன. மலேசியாவிலிருந்து மகன் அழைக்கும் அழைப்பு ஒலிக்காமற்போவதும், மாத்திரைக்கான மணி அடங்கிப்போவதும் இவர்களது கைங்கரியமே.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே காரைக்குடியில் பாட்டரிகளை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பாட்டரியைப் பற்றிய பொய் இவ்வளவு செழிப்பாக வாழ்வது எனக்குப் பொறுக்கவில்லை.

சார்ஜ் குறைகிறதென்றால், அமைப்புகளில் பாட்டரிப் பகுதியைத் திறந்து, எது தின்கிறதென்று பாருங்கள். பெரும்பாலும் திரையின் ஒளியும் ஓயாத காணொளியுமே அங்கே முன்னிற்கும். செயலி ஒன்று உண்மையிலேயே அத்துமீறினால் அதை மட்டும் கட்டுப்படுத்துங்கள். பெரியவர்களின் கைபேசியில், தயவுசெய்து, எதையும் தள்ளி மூடாதீர்கள்.